நாங்கள் வள்ளத்தில் இருக்கிறோம்

1

வள்ளத்துக்குக் குடிவந்து இந்த வைகாசியோடு மூன்று வருடம் முடிந்துவிட்டது. நாங்கள் என்றால் நானும் என் கணவர் யோகராசாவும். ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிற எல்லாரும் இந்த மூன்று வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏன் ரெஜினா, கனடாவிலை உங்களுக்கு ஒரு வீடு கிடைக்கேல்லையோ?" கேட்டுவிட்டு ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எல்லாருக்குமாக ஒருதரம் எழுதிவிடுகிறேன். நான் கோபக்காரி. ஆறின பிறகு எழுதலாம் என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தேன். ஆறவில்லை.

வள்ளம் என்றதும் நீங்கள் நினைக்கிற வள்ளம் இல்லை. இரும்பில் செய்த, ஒடுங்கிய, நீளமான படகு. நீளம் நாற்பதடிக்குக் கொஞ்சம் குறைவு. அகலம் எவ்வளவென்றால், நான் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் கிட்டத்தட்ட விரலில் முட்டும். உள்ளே ஒரு கட்டில், எரிவாயு அடுப்பு, மடிக்கிற மேசை, விறகு போட்டு எரிக்கிற சின்ன இரும்புக் கணப்பு, கழிப்பறை. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடுகிற படகுகளைப் போல, அங்கிருந்து வந்த ஒரு கிழவர் தன் கையால் செய்தது. மொன்ட்ரியாலிலிருந்து காரில் முக்கால் மணித்தியாலம் போனால் சாம்ப்ளி என்றொரு சிறிய நகரம். அங்கே ரிஷலியூ ஆற்றில்தான் கட்டி வைத்திருக்கிறோம். வைகாசியில் தண்ணீரில் இறக்கினால் ஐப்பசியில் பாரந்தூக்கியால் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். ஆறு உறைந்து கிடக்கிற மாதங்களுக்கு மொன்ட்ரியால்-நோரில் பேப்பர் ஒன்றும் எழுதாமல் வாடகைக்கு ஒரு நிலக்கீழ் அறை. மற்றபடி எங்கள் வீடு இதுதான்.

2

மொன்ட்ரியாலில் யூலை முதலாம் திகதி வீடு மாறுகிற நாள். நகரமே கட்டிலோடும் மெத்தையோடும் தெருவில் நிற்கும். இருபத்திரண்டு வருடம் நாங்கள் அதை யன்னலால் பார்த்துச் சிரித்தவர்கள். மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வாடகை வீடு. எங்கள் ஒரே மகள் டிலானி அங்கேதான் வளர்ந்தாள், அங்கிருந்துதான் மருந்தாளராகப் படித்து முடித்து வெளியே போனாள். வீட்டுக்காரர் நல்ல மனுசன். அவர் இறந்ததும் மகன் வந்தான். பெரிய திருத்த வேலை இருக்கிறது, வீட்டை விட்டு எழும்புங்கள் என்று ஒரு கடிதம் அனுப்பினான்.

இவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஞ்சை சட்டம் இருக்கு ரெஜி, போய்க் கேப்பம்" என்றார். கேட்கப் போனோம். பதில் எழுதுகிற தவணை முடிந்துவிட்டது என்றார்கள். தவணை கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், சட்டப் பிரெஞ்சில் இருந்தது. நான் முப்பது வருடமாகப் பேசுகிற பிரெஞ்சு, கிழவர்களைக் குளிக்க வார்க்கிற பிரெஞ்சு. அதில் தவணை என்ற சொல் வராது.

எழும்பினோம். இரண்டு மாதம் கழித்து எங்களுக்கு வந்த கடிதங்களை எடுக்கப் போனேன். வீட்டில் வேறு ஆட்கள். குசினிச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடத்தின் மேல் ஒரு வாளி பெயின்ற்றை ஊற்றி, வாடகையைக் கூட்டி, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். கீழே தெருவில் நின்று தமிழில் ஏசினேன். எந்த மொழியில் ஏசினாலும் ஒன்றுதான், ஒருவரும் யன்னலைத் திறக்கவில்லை.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில்தான் அந்த இங்கிலாந்துக் கிழவர் இருந்தார். காலைக் கழுவி விடும்போது தன் படகைப் பற்றிச் சொல்லுவார். ஒருநாள் அதன் எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். காலை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர் மகன் அதை விற்க நிற்கிறான் என்று பிறகு அறிந்தேன். வாங்குவம் என்று இவரிடம் சொன்னேன்.

"எனக்கு நீந்தத் தெரியாது ரெஜி" என்றார் இவர்.

"எனக்குத் தெரியும்."

"ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"எழும்பு எண்டு கடிதம் வரேக்குள்ளை எந்த ஆக்கள் வந்தவை?"

அதோடு பேச்சு முடிந்தது. இன்றைக்கும் அவர் படகில் உயிர்காப்பு அங்கியைக் கழற்றுவதில்லை. சாப்பிடும்போதும் போட்டிருப்பார்.

3

முதல் வருடமே என் மருத்துவ அட்டை காலாவதியானது. புதுப்பிக்க அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவள்தான். அதுதான் இன்னும் கோபம். கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்தலாம், மரியாதையாக "இல்லை" சொல்கிறவர்களை என்ன செய்வது?

"மதாம், படகு ஒரு முகவரி இல்லை."

"நான் அதில்தான் நித்திரை கொள்கிறேன்."

"விளங்குகிறது. ஆனால் தெருவும் இலக்கமும் வேண்டும்."

படகின் பக்கத்தில் எழுதியிருக்கிற பதிவு இலக்கத்தைச் சொன்னேன். சிரித்தாள். இந்த நாட்டில் முப்பது வருடம் வரி கட்டியவள், தெருவின் பெயர் இல்லாததால் காய்ச்சல் வரக்கூடாத மனுசியாகிவிட்டேன்.

கடைசியில் இவரின் தமையனாரிடம் போனோம். பெரியண்ணை என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. புரோசார்ட்டில் பெரிய வீடு. அவருடைய முகவரியைப் போட்டு அட்டை வந்தது, வங்கிக் கடிதம் வந்தது, எல்லாம் வந்தது. அன்றிலிருந்து பேப்பரில் நாங்கள் புரோசார்ட் ஆட்கள். கடிதம் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் பெரியண்ணை கதவடியில் நின்றுகொண்டு, "இன்னும் அந்த வள்ளத்திலைதானோ?" என்று கேட்பார். அவர் தருகிற கடிதத்தின் உறை ஏற்கெனவே திறந்திருக்கும்.

பெரியண்ணையைப் பற்றிச் சொல்வதென்றால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் கடற்கரை ஊர்க்காரி, வேதக்காரி. அப்பா மீன்பிடித்தவர். இவர் கடலுக்குத் தள்ளி உட்பக்க ஊர், தோட்டக் காணியுள்ள சைவக் குடும்பம். இருவரும் மொன்ட்ரியாலில் குளிருடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் சந்தித்துக் கலியாணம் கட்டினோம். கலியாணத்துக்குப் பெரியண்ணை குடும்பம் வந்தது. விரதம் என்று சொல்லி ஒருவரும் சாப்பிடவில்லை. அடுத்த இருபது வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்றார்கள். டிலானி பல்கலைக்கழகம் போன பிறகுதான் எங்கள் வீட்டுத் தேநீர் அவர்கள் தொண்டைக்குள் இறங்கியது.

இதற்கெல்லாம் முதல் அடி மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் விழுந்தது. அகதி விசாரணைக்கு எனக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தந்தார்கள். நல்ல மனுசன் என்று நினைத்தேன். "இருங்கோ தங்கச்சி, தண்ணி குடியுங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றார். அதிகாரி தகப்பனின் தொழிலைக் கேட்டார். மீன்பிடி என்றேன். ஊரைக் கேட்டார். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வந்த திகதியைச் சொல்லு" என்றார்.

அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள். என்ன நடந்தது என்று விளங்கியது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். உயிருக்குத் தப்பி உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன், அங்கேயும் ஒரு மனுசன் "நீங்கள்" என்பதை "நீ" ஆக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான். அன்றைக்கு முடிவெடுத்தேன், இனி யாருக்கும் ஊர் சொல்வதில்லை என்று. கேட்டால் "யாழ்ப்பாணம் டவுன்". அப்பா என்ன செய்தார் என்று கேட்டால் "வியாபாரம்". என் மகளுக்கும் அதைத்தான் சொன்னேன்.

4

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் துன்பப்பட்டு வள்ளத்தில் கிடக்கிறோம் என்று நினைப்பீர்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம்.

சாம்ப்ளியிலிருந்து தெற்கே ஒரு பழைய கால்வாய் போகிறது. படகு ஒன்று வந்தால் கரையில் நடக்கிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு ஒடுக்கம். தண்ணீர் மட்டம் மாறுகிற இடங்களில் இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டிகள் இருக்கின்றன. படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மற்றக் கதவைத் திறந்து விடுவார்கள். எல்லாம் கையால் சுற்றுகிற பிடிகள். பிரெஞ்சில் அதற்கு எக்ளூஸ் என்று பெயர். முதல்முறை கரையில் நின்ற பெண்ணிடம் எக்ளூஸைத் திறக்கச் சொல்வதற்குப் பதிலாக, "தயவுசெய்து ஒரு எக்ஸ்கியூஸ் வேண்டும்" என்று கத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஜினெத் என்ற அந்தப் பெண் பிடியைச் சுற்றியபடியே, "என்ன குற்றம் செய்தாய், மதாம்?" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் எங்களைத் தூரத்தில் கண்டாலே, "மன்னிப்புக் கேட்கிற படகு வருகிறது" என்று கத்துவாள்.

கால்வாய் முடிகிற இடத்தில் சன்-ழோன். சனிக்கிழமைச் சந்தையில் முழுப் பூசணி, வெண்டிக்காய்கூட ஒருநாள் கிடைத்தது. வடக்கே திரும்பினால் சன்-மத்தியாஸ், பிறகு மலை அடிவாரத்தில் மோன்-சன்-இலேர், எதிர்க்கரையில் பெலோய். இன்னும் கீழே போனால் சன்-ஷார்ல், சன்-தெனி. ஊருக்கு ஒரு கோயில், ஒரு வெதுப்பகம், ஒரு தெப்பனர். தெப்பனர் என்றால் பால், பாண், பியர் எல்லாம் வைத்திருக்கிற மூலைக்கடை. நாங்கள் மணிக்கு ஆறு மைலுக்கு மேல் போவதில்லை. சைக்கிளில் போகிறவர்கள் கையசைத்துவிட்டு முந்திப் போவார்கள். சோளம் தோளளவு வளர்ந்து நிற்கும். காலையில் கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் நின்று எங்களைப் பார்க்கும். நீந்தத் தெரியாத இவர் அங்கியோடு முன்பக்கம் குந்தியிருந்து, ஒவ்வொரு ஊரிலும் தக்காளி எப்படி என்று எனக்கு அறிக்கை வாசிப்பார். முப்பது வருடம் இந்த மாகாணத்தில் இருந்து நான் பார்த்தது இரண்டு பேருந்துப் பாதையும் ஒரு மெட்ரோ வழியும்தான். அறுபது வயதில்தான் இதற்கு வயல் இருக்கிறது என்று கண்டேன்.

அப்படியென்றால் கோபம் எதற்கு? சொல்கிறேன். மலை அடிவாரத்தில் அப்பிள் தோட்டம் ஒன்று. நாங்களே பறித்து நிறுத்து வாங்குகிற தோட்டம், வெள்ளைக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளோடு பறித்துக்கொண்டிருந்தன. நான் கூடையோடு உள்ளே போனதும் ஒரு மனுசி ஓடிவந்து கையால் காட்டி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "வேலை ஆட்களின் பேருந்து அங்கே பின்னால்" என்றாள். குவாத்தமாலாவிலிருந்து பறிக்க வருகிற கூலிப் பெண்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டாள். "அப்பிள் வாங்க வந்தேன்" என்றேன். மன்னிப்புக் கேட்டாள், இரண்டு அப்பிள் சும்மா தந்தாள். பின்னால் பேருந்துக்கு நின்ற பெண்களுக்கு அவளிடமிருந்து என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். அந்த இரண்டையும் அவர்களில் ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னோர் ஊரில், பெயர் வேண்டாம், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், பொதுத் துறையில் பதினொரு படகு கட்டியிருந்தது. மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர் வந்து எங்கள் படகில் மட்டும் தட்டினார்கள். யாரோ தொலைபேசி எடுத்திருக்கிறார்களாம். படகின் பதிவைக் கேட்டார்கள், ஓட்டுகிற அட்டையைக் கேட்டார்கள். எடுத்து நீட்டினேன். இளையவன் படகில் கிழவர் எழுதின ஆங்கிலப் பெயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இது உங்களுடையதா?" என்று மூன்றுதரம் கேட்டான். இவர், "எஸ் சேர், எஸ் சேர்" என்றார். நாற்பது வருடத்துக்கு முந்தைய சோதனைச் சாவடிக் குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது. அவர்கள் போன பிறகு அந்தக் குரலுக்காக அவரிடம் சண்டை பிடித்தேன். பாவம், அவர் மேல் என்ன பிழை?

5

போன வருடம் ஆவணியில் பெரியண்ணை படகுக்கே வந்துவிட்டார். கரையில் நின்றபடிதான், ஏறவில்லை. டிலானிக்கும் மயூரன் என்ற பொறியியலாளருக்கும் மூன்று வருடப் பழக்கம். பிள்ளைகள் தாங்களே விரும்பினவர்கள். மயூரனின் தாய் தகப்பன் ரொறன்ரோவிலிருந்து முறைப்படி பேச வருகிறார்கள். பேப்பரில் எங்கள் முகவரி புரோசார்ட் அல்லவா? டிலானி அந்த முகவரியைத்தான் கொடுத்திருக்கிறாள்.

"வீட்டை ஒரு நாளுக்கு நீங்கள் எடுங்கோ" என்றார் பெரியண்ணை. "உங்கடை வீடு மாதிரி இருங்கோ. நான் தமையன், பக்கத்திலை இருக்கிறன் எண்டு சொல்லுறன். ஊரைக் கேட்டா டவுன் எண்டு சொல்லுங்கோ. எல்லாம் பிள்ளையின்ரை நன்மைக்குத்தான்."

நான் டிலானிக்குத் தொலைபேசி எடுத்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் தனி வீடு எடுத்து இருக்கிறாள். என்னோடு தமிழில் தொடங்குவாள், இரண்டாவது வரியில் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள்.

"அம்மா, ஒரு நாள்தானே. அவையின்ரை அம்மா கொஞ்சம் பழைய ஆள். படகு எண்டா விளங்கப்படுத்த நேரமெடுக்கும்." பிறகு பிரெஞ்சில், "பின்னால் நானே சொல்லுவேன், சத்தியம்" என்றாள்.

ஓம் என்றுவிட்டேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஊரை ஒளிக்கிற பழக்கத்தில் நானே ஓம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலை உடுத்திக்கொண்டு புரோசார்ட்டுக்குப் போனேன். முன் அறைக்குள் போனதும் நின்றுவிட்டேன். பெரியண்ணை தன் பேரப்பிள்ளைகளின் படங்களைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் எங்கள் குடும்பப் படத்தைக் கொழுவியிருந்தார். டிலானி பட்டம் பெற்ற அன்று எடுத்த படம். முப்பது வருடத்தில் எங்கள் படம் அந்தச் சுவரில் ஏறியது அன்றைக்குத்தான்.

அவர்கள் வந்தார்கள். தகப்பன் அமைதியானவர். தாய் சிரித்த முகம். நல்ல பட்டுச் சேலை, அளவான நகை. நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குத் தெரியாத அலுமாரிகளில் சீனியைத் தேடினேன். "வீடு வடிவாயிருக்கு" என்றார் அந்தம்மா. டிலானி மயூரனுக்குப் பக்கத்தில் இருந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் காலநிலை, வேலை, நெடுஞ்சாலை. பிறகு அந்தம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"டிலானியின்ரை அப்பான்ரை ஊர் தெரியும். அம்மாவின்ரை பகுதி எது?"

"டவுன் பக்கம்தான்" என்றார் பெரியண்ணை. நான் வாய் திறக்க முதலே சொல்லிவிட்டார். "தகப்பன் பெரிய வியாபாரி."

என் அப்பாவைப் பற்றி. உயிரோடு வந்திருந்தால் முற்றத்தைத் தாண்டி உள்ளே விட்டிருக்க மாட்டாத என் அப்பாவை, பெரியண்ணை தன் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு வியாபாரி ஆக்கிவிட்டார். நான் தட்டத்தை மேசையில் வைத்தேன்.

"இல்லை" என்றேன். "நான் டவுன் இல்லை. கடற்கரை. என்ரை அப்பா மீன்பிடிச்சவர்." ஊரின் பெயரையும் சொன்னேன். "இது எங்கடை வீடும் இல்லை. பெரியண்ணையின்ரை வீடு. நாங்கள் சாம்ப்ளியிலை வள்ளத்திலை இருக்கிறம்."

அந்தம்மா பாதி வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை மெல்ல, சத்தமில்லாமல், தட்டில் திருப்பி வைத்தார். நிரம்பிய கோப்பை. என் கலியாணத்திலும் அப்படித்தான், நிரம்பிய தட்டுகள். தகப்பன் தொலைபேசியை எடுத்து, பாலத்தில் நெரிசலாம், வெளிக்கிட்டால் நல்லது என்றார். கோழிக்கறியும் புட்டும் குசினியில் மூடியபடி இருந்தன. மயூரன் தாய்க்குப் பின்னால் போனான். போகும்போது டிலானியின் தோளைத் தொட்டான், என்னைப் பார்க்கவில்லை.

கதவு சாத்தியதும் பெரியண்ணை தொடங்கினார். "உமக்குக் கொஞ்சமும் அறிவில்லையோ? ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ?"

அப்போது இவர் எழும்பினார். முப்பது வருடத்தில் தமையனுக்கு முன்னால் குரல் உயர்த்தாத மனுசன். அன்றும் உயர்த்தவில்லை. சுவருக்குப் போய் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வா ரெஜி, போவம்" என்றார்.

வாசலில் டிலானி நின்றாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். தள்ளிவிட்டாள். பிரெஞ்சில் கத்தினாள். அதை நான் தமிழில் எழுதுகிறேன். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இது என் வாழ்க்கை. உங்கள் கோபத்தைத் தீர்க்க இதுதானா இடம்? என் தாத்தா வியாபாரி என்று எனக்கு யார் சொன்னது? பெரியப்பாவா? நீங்கள்! இருபத்தொன்பது வருடம் நீங்கள் சொன்ன பொய்யைத்தான் நான் சொன்னேன். எதை ஒளிக்கிறோம் என்றே எனக்குத் தெரியாது!"

காரில் ஏறிப் போய்விட்டாள். நெடுஞ்சாலையில் ஏறும்வரை எனக்குப் பெரியண்ணை மேல் கோபம், அந்தம்மா மேல் கோபம், மொழிபெயர்ப்பாளர் மேல் கோபம். சாம்ப்ளி வந்து சேர்ந்தபோது அந்த வரிசையில் நானும் நின்றேன். டிலானி சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

6

மூன்று கிழமை டிலானி தொலைபேசி எடுக்கவில்லை. நாங்கள் படகை அவிழ்த்துக்கொண்டு ஆற்றோடு கீழே போனோம். பெலோயில் இரண்டு நாள் மழை. இவர் படத்தைக் கட்டில் தலைமாட்டில் கொழுவினார், படகு ஆடும்போது அது சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. சன்-தெனியில் இருக்கும்போது டிலானியின் குறுஞ்செய்தி வந்தது. எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். அடுத்த நாள் காரோடு துறையில் நின்றாள். கையில் ஒரு பை.

"சமாதானத்துக்கு வரேல்லை" என்றாள். "எனக்கு உங்களோடை இன்னும் கோவம்."

"இரு. எனக்கும்தான்" என்றேன்.

அடுத்த நாள் முழுக்க ஆற்றில் மேல்நோக்கி வந்தோம். நான் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் எனக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலாகச் சொல்ல வேண்டியிருந்ததால் கத்திக் கத்தித்தான் சொன்னேன். கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலத்தைச் சொன்னேன். அப்பா ஒவ்வொரு நாளும் வள்ளத்தின் வெளிமோட்டரைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார், பிளக்கைக் கழற்றித் துடைக்கிறது என் வேலை. அதனால்தான் கிழவரின் எஞ்சின் எனக்கு விளங்கியது என்று சொன்னேன். ஒருநாள் பாஸ் இருந்தும், எல்லைக்குள் நின்றும், சுட்டார்கள் என்று சொன்னேன். வள்ளம் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. விசாரணை அறையில் ஒரு "நீ" விழுந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு, "து, வூ மாதிரியோ?" என்று கேட்டாள். ஓம், பிரெஞ்சிலும் "நீ", "நீங்கள்" என்று இரண்டு இருக்கிறது. ஆனால் இது அதைவிடக் கீழே இறங்கும் என்றேன்.

"மயூரன் என்ன சொன்னவன்?" என்று கேட்டேன்.

"தனக்குப் பிரச்சினை இல்லையாம். தாய்க்கு நேரம் குடு எண்டான். பேந்து கலியாணக் கார்ட்டிலை உங்கடை ஊரைப் போடாமல் விடுவம், ஆருக்கும் நோகாது எண்டான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆருக்கும் எண்டா, அதிலை நீங்கள் இல்லை" என்றாள்.

சன்-ஷார்லுக்குக் கிட்ட வரும்போது என் தொலைபேசி அடித்தது. மயூரனின் தாய். கை சுக்கானில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமத்தினேன்.

"ரெஜினா அக்கா, நாங்கள் கனக்க யோசிச்சம்" என்றார். அதே சிரித்த குரல். "பிள்ளையளின்ரை சந்தோசம்தானே முக்கியம். நாங்கள் அதைப் பெரிசா எடுக்கேல்லை. கார்ட்டிலை தகப்பன்ரை ஊர் மட்டும் காணும். வள்ளத்துக் கதையையும் சபையிலை எடுக்க வேண்டாம். மற்றபடி எங்களுக்கு ஓம்."

எனக்கு வாய்க்குள் வந்ததை எழுத ஏலாது. ஆனால் டிலானி தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் சொல் தேடித்தான் வரும். தேடித் தேடிச் சொன்னாள்.

"அன்ரி, நான் டிலானி கதைக்கிறன். நீங்கள் ஓம் சொன்னதுக்கு நன்றி. ஆனா நாங்கள் ஓம் சொல்லேல்லை. நான் மயூரனுக்கு நேற்றே சொல்லிட்டன். எனக்கு வேண்டாம். வைக்கிறன்."

வைத்தாள். என் பக்கம் திரும்பி, "நான் இப்ப அழப்போறன். ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றாள்.

எஞ்சினின் வேகத்தைக் குறைத்தேன். முன்னால் கார் ஏற்றிக் கம்பி வடத்தில் இழுபடுகிற பாதைப்படகு ஒன்று இரண்டு காரோடு ஆற்றைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. அது கரை சேர்ந்து வடம் தாழும்வரை எவரும் போக முடியாது. நடு ஆற்றில் நின்றோம். அவள் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். மூன்று வருடம் விரும்பினவனை விட்டிருக்கிறாள், அந்த அழுகைக்கு நான் மருந்து இல்லை. இவர் முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், திரும்பிவிட்டார். எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலும் குறையவில்லை, இன்றைக்கும் குறையவில்லை. இதை வாசிக்கிற யாராவது அவர்களிடம் கொண்டுபோய்ச் சொன்னாலும் எனக்குச் சரிதான்.

பாதை கரை சேர்ந்தது. டிலானி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். தன் தொலைபேசியை எடுத்து எழுதுகிற வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து மடியில் வைத்தாள்.

"உங்கடை அப்பான்ரை பேர் என்ன?" என்று கேட்டாள்.

இருபத்தொன்பது வயதுப் பிள்ளை. அவளுக்கு அதுகூடத் தெரியாது. நான் சொன்னதில்லை.

"சவிரிமுத்து மரியதாஸ்" என்றேன்.

"எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ. தமிழிலை. நான் தமிழிலைதான் எழுதப்போறன்."

ச, என்று தொடங்கினேன். அவள் அந்த எழுத்தை விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னேன்.